கெடியோன் சொன்ன கல்

பிபியானேயின் அறுபத்தைந்தாவது பிறந்தநாளன்று வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் குடியிருப்பின் அறுபத்தோரு பேரும் அவள் வீட்டு வாசலில் காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். காபி குடித்தார்கள், கேக் தின்றார்கள், அடுத்தவருக்கு நாற்காலியை விட்டுவிட்டுப் போனார்கள், ஒரு மணி நேரத்தில் மறுபடி வந்தார்கள். வாசலில் குவிந்து கிடந்த ரப்பர் பூட்ஸ்களைப் பார்த்தால் ஒரு படையே கடலில் குதித்துவிட்டது என்று தோன்றும். கேக் வாசனைக்கு வெளியே சங்கிலியில் கிடந்த நூற்று நாற்பது நாய்களும் சேர்ந்து ஊளையிட்டதில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

பிபியானேயின் கணவன் ஏனோஸுக்கு இதெல்லாம் காதிலும் விழவில்லை, கண்ணிலும் படவில்லை. அடுப்பு மேலே துணி போட்டு மூடி வைத்திருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் திமிங்கலத் தோல் இருந்தது. வால் பக்கத்துத் துண்டு. மெல்ல மெல்ல முந்திரிப் பருப்பு மாதிரி கரைகிற துண்டு. முப்பத்துநாலு வருஷத் தாம்பத்தியத்தில் அந்தத் துண்டு ஏனோஸ் வாய்க்கு வந்ததே இல்லை. யாருக்கு எடுத்து வைத்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். நாய்களுக்கும் தெரியும்.

அவளுடைய முதல் புருஷனுக்கு.

முதல் புருஷன் கெடியோன் செத்து முப்பத்தேழு வருஷமாகிறது. வசந்த காலத்தில் கடல்மேல் உறைந்திருந்த பனி மெலிந்து உடைந்து, நாய்வண்டியோடு தண்ணீருக்குள் போனவன். ஆனால் அந்த ஊரில் ஒருவர் செத்தால் அவர் பெயர் சும்மா கிடப்பதில்லை. அடுத்துப் பிறக்கிற குழந்தைக்குப் போய்விடும். பெயரோடு உறவும் போகும். ஏழு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டில் பிறந்த பையனுக்குக் கெடியோன் என்று பெயர் வைத்தார்கள். அன்றைக்கே பிபியானே தொட்டிலில் குனிந்து, "வந்துட்டீங்களா வீட்டுக்காரரே" என்றாள். அந்தத் தொட்டில் குழந்தைக்கு இப்போது முப்பத்தாறு வயது, ஆறடி உயரம், இரண்டு எஞ்சின் பூட்டிய படகு, சொந்தமாகப் பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள். பிபியானேக்கு இன்னமும் அவன் வீட்டுக்காரர்தான்.

இதில் ஏனோஸுக்கு வயிறு எரிந்தது என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். அந்த எரிச்சலை ஒரு குழாயில் பிடித்து விட்டிருந்தால் ஊருக்கே குளிர்காலம் முழுக்க அடுப்புக்கு எண்ணெய் வேண்டியிருக்காது.

கெடியோன் கதவைத் திறந்து உள்ளே வந்தான். ஈர வாசனை, டீசல் வாசனை, பெரிய சிரிப்பு.

"வாங்க வீட்டுக்காரரே, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" பிபியானேயின் கை தானாகத் தட்டின் துணியை எடுத்தது.

"பொண்டாட்டி பொறந்தநாளுக்கு வராம இருப்பேனா?" என்றவன் அடுப்பருகே பார்த்தான். "என்ன தம்பி, சௌக்கியமா?"

தம்பி! அறுபத்தொன்பது வயதுக் கிழவனை முப்பத்தாறு வயதுக்காரன் தம்பி என்கிறான். செத்துப்போன கெடியோன் ஏனோஸைவிட இரண்டு வயது மூத்தவனாம், அந்தக் கணக்கில். இந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டே ஏனோஸின் கீழ்வரிசைப் பற்கள் பாதி தேய்ந்துவிட்டன.

"சௌக்கியத்துக்கு என்ன குறைச்சல்? வீட்டுல எல்லாத்தையும் தேடி வந்து திங்கறதுக்குத்தான் ஆளு இருக்கே."

கெடியோன் தோல் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டான். மென்றுகொண்டே, அன்றைக்கு வானிலை சொல்வதைப்போலச் சொன்னான்: "பனியாறு கடல்ல வந்து முடியுதே, அந்த முகத்துகிட்ட போயிட்டு வரேன். போன வாரம் பெரிய துண்டு ஒண்ணு உடைஞ்சு முகம் ஒன்றரை கிலோமீட்டர் பின்னால போயிடுச்சு. நடு முகத்துக்கு முன்னாடி கறுப்பா ஒண்ணு தலை தூக்கி நிக்குது. கல்லு. நான் சொன்னேன்ல, அந்தக் கல்லு."

எல்லாத் தலையும் ஏனோஸ் பக்கம் திரும்பியது.

நான் சொன்னேன்ல என்று அவன் சொன்னது, செத்த கெடியோன் சொன்னதை. அது ஊருக்கே தெரிந்த பழைய சண்டை. உள்நாட்டுப் பெரும்பனியிலிருந்து இறங்கி, மலைகளுக்கு நடுவே நுழைந்த நீளக் கடற்கால்வாயான ஃபியோர்டுக்குள் வந்து விழுகிற பனியாறு, முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஃபியோர்டின் முழங்கை வளைவுவரைக்கும் நீட்டிக் கிடந்தது. ஒரு நாள் சீல் வேட்டைக்குப் போன இரண்டு வாலிபர்கள் குன்றின் மேல் ஏறி அதைப் பார்த்தார்கள். முகத்துக்கு நாலு கிலோமீட்டர் உள்ளே, பனியின் நடுவில் ஒரு மேடு, பானை வயிறு மாதிரி.

"அடியில கல்லு இருக்குடா ஏனோஸ்" என்றான் கெடியோன். "பாரு, வெடிப்பெல்லாம் அதைச் சுத்தித்தான் விரியுது. கீழ்ப்பக்கம் கறுப்பா ஒரு கோடு கிளம்பி வருது பாரு, அது அந்தக் கல்லைச் சுரண்டின மண்ணு."

"அது கல்லு இல்ல, உன் வயித்துல இருக்கிற காத்து" என்றான் ஏனோஸ். "இந்த ஃபியோர்டு நடுவுல பாதாளம். அங்க கல்லு இருந்தா நான் அதைத் தின்னுடறேன்."

அப்போது இரண்டு பேருமே பிபியானேயைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். அவள் கெடியோனைத்தான் கட்டினாள். பிறகு அவன் செத்தான், ஏனோஸ் காத்திருந்தான், அவளை மணந்தான். ஆனால் சண்டை முடியவில்லை. பனியாறு வருஷத்துக்கு நூறு மீட்டர் பின்வாங்கியது. உலகமே சூடாகிறது என்று வானொலி சொன்னது. ஏனோஸ் நம்பவில்லை. அந்தப் பனியாறு கெடியோன் கட்சி; அவன் சொன்னதை நிரூபிக்கத்தான் வேலைமெனக்கெட்டு மலையேறிக்கொண்டிருக்கிறது என்று அவன் உள்ளுக்குள் உறுதியாக நம்பினான்.

"அன்னிக்கே சொன்னாரு அவரு!" பிபியானேயின் முகம் பதினெட்டு வயதுக்குப் போய்விட்டது. ஏனோஸ் அதைப் பார்த்தான். கேக் கத்தி கையில் இருந்தும் அவன் ஒன்றும் செய்யவில்லை என்பதை அவனுடைய நல்ல குணத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூலை நாற்காலியில் ஊர்த்தலைவி அமாலியா இருந்தாள். பனி விலகிய இடங்களில் புதிதாக வெளிவந்த முனை, தீவு, குடா எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி அனுப்பும்படி வரைபடக்காரர்கள் அவளுக்கு ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமைக் கப்பலில் அது போக வேண்டும்.

"அப்ப கெடியோன் பாறைன்னே எழுதிடலாமே" என்றாள் அமாலியா. "முன்னாடியே சொன்னவரு பேரு. என்ன சொல்றீங்க?"

எல்லாரும் கை தட்டினார்கள். ஏனோஸுக்குக் கண் முன்னால் வரைபடம் விரிந்தது. வரைபடம் கடையில் தொங்கும். பள்ளிக்கூடத்தில் தொங்கும். கப்பலில், ஹெலிகாப்டரில், தலைநகரத்து அலுவலகங்களில் தொங்கும். வலை போடப் போகிறவன், "இன்னிக்குக் கெடியோனுக்கு வடக்கால போட்டேன்" என்பான். இனி ஏனோஸ் சாகும்வரை ஃபியோர்டின் நடுவில் அந்த மனுஷன் எழுந்து நின்று அவனைப் பார்த்துச் சிரிப்பான். இவ்வளவு காலம் ஒரு கெடியோன் நடந்து வந்து தோலைத் தின்றான். இனி இன்னொருத்தன் கடலிலும் நிற்பான்.

"அது கல்லே இல்ல!" என்று கத்தினான். "கடல்ல மிதக்கிற அழுக்குப் பனிமலை. அடிப்பக்கம் புரண்டு மேல வந்திருக்கும். மண்ணு ஒட்டியிருக்கும். இவனுக்குக் கண்ணு மங்கிப்போச்சு."

"தம்பிக்குப் பொறாமை" என்றான் கெடியோன், வாயில் இரண்டாவது துண்டோடு.

"எனக்கென்னடா பொறாமை? நாளைக்கே போறேன். பனின்னு காட்டறேன். அமாலியா, அந்தப் பேரை அழிக்கத் தயாரா இரு."

"காட்டிட்டு வா, அழிக்கறேன்" என்றாள் அமாலியா.

"உன் எஞ்சின் போன மாசமே செத்துப்போச்சே" என்று பிபியானே ஞாபகப்படுத்தினாள். "வீட்டுக்காரர் படகுலதான் போகணும். நானும் வரேன்."

அப்படியாக, மறுநாள் காலை ஒரு பெண்ணும் அவளுடைய இரண்டு புருஷன்களும் ஒரே படகில் கிளம்பினார்கள். கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் கெடியோனின் உண்மைப் பெண்டாட்டியும் இருந்தாள். அவள் கையாட்டிக்கொண்டே, "என் புருஷனை பத்திரமா திருப்பிக் கொண்டாங்க அக்கா, மத்தியானம் அவருதான் மீன் கழுவணும்" என்று கத்தினாள்.

கெடியோன் எஞ்சின் பக்கம் உட்கார்ந்தான். பிபியானே நடுவில், தெர்மாஸ் மடியில். ஏனோஸ் முன்னால், இரும்பு முனை போட்ட பனிக் கடப்பாரையை ஈட்டி மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு. முழங்கை வளைவு தாண்டியதும் தண்ணீர் நிறம் மாறியது. பச்சை போய்ப் பால் கலந்த சாம்பல் வந்தது. உடைந்த பனித்துண்டுகள் சுற்றிலும் படபடவென்று பொரிந்தன. ஆயிரம் வருஷமாக உள்ளே அடைந்திருந்த காற்று வெடித்து வெளியே வருகிற சத்தம். கெடியோன் எஞ்சினைக் குறைத்து, துண்டுகளுக்கு நடுவே ஊசிக்கு நூல் கோர்ப்பதுபோலப் படகை நுழைத்தான். நன்றாகத்தான் ஓட்டினான். அதுவும் ஏனோஸுக்குப் பிடிக்கவில்லை.

"இடது பக்கம் போடா. அங்க தெளிவா இருக்கு."

"அங்க நீரோட்டம் இழுக்கும் தம்பி."

"அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் பிபியானே.

பிறகு முகம் தெரிந்தது. ஃபியோர்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை நீலமும் வெள்ளையுமாக ஒரு மதில். ஏனோஸ் கணக்கில் மூன்று தேவாலயக் கோபுரங்களை அடுக்கினாலும் மேல்விளிம்பை எட்டாது. அடியில் உருகிய தண்ணீர் பழுப்பாகக் கொதித்து மேலே வருகிற இடத்தில் பறவைகள் கூட்டமாக விழுந்து இறால் பொறுக்கின. மதிலுக்கு ஒன்றரை கிலோமீட்டர் முன்னால், நடு ஃபியோர்டில், கறுப்பாக ஒன்று நின்றது. இரண்டு ஆள் உயரம். மழமழவென்று, பெரிய சீல் ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருப்பதுபோல.

கெடியோன் எஞ்சினை நிறுத்தினான். "சரி தம்பி. தண்ணி இறங்குது. மிதக்கிற பனின்னா தண்ணியோட சேர்ந்து அதுவும் இறங்கும். கல்லுன்னா ஈரக்கோடு தெரியும். காத்திருப்போம்."

காத்திருந்தார்கள். காபி குடித்தார்கள். நேற்றைய கேக் தின்றார்கள். ஏனோஸ் கண்ணைக் கொட்டாமல் பார்த்தான். ஒரு மணி நேரத்தில் கறுப்பின் அடியில் முழ உயரத்துக்கு ஈரப் பட்டை தெரிந்தது.

"ஈரக்கோடு" என்றாள் பிபியானே மென்மையாக.

"தரை தட்டி நிக்கிற பனிமலையும் இறங்காது. அதுக்கும் ஈரக்கோடு இருக்கும்." அது உண்மைதான், கெடியோனால் மறுக்க முடியவில்லை. ஏனோஸுக்குத் தோள் நிமிர்ந்தது. "என்னை அதுமேல இறக்கிவிடு. குத்திப் பாக்கறேன். மண்ணுக்கு அடியில பனி வரலைன்னா என் பேரை மாத்திக்கறேன்."

"வேணாம்யா" என்றாள் பிபியானே. "முகம் பக்கத்துல இருக்கு."

"என்ன, உன் ஆளு சொன்னது பொய்யாயிடும்னு பயமா?"

கெடியோன் படகைச் சேர்த்துப் பிடித்தான். ஏனோஸ் அறுபத்தொன்பது வயதில் ஆட்டுக்குட்டி மாதிரித் தாவினான். கால் ஊன்றியது. கடப்பாரையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, முப்பத்தெட்டு வருஷக் கோபத்தையும் சேர்த்து இறக்கினான்.

டங் என்றது. பொறி பறந்தது. தோள்பட்டை வரைக்கும் எலும்பு குலுங்கியது.

இன்னொரு இடத்தில் குத்தினான். டங். உச்சிக்கு ஏறிக் குத்தினான். அங்கே மாதா கோயில் மணி மாதிரி கேட்டது. குனிந்து பார்த்தான். கல் முழுக்கக் கீறல். உள்நாட்டுப் பக்கமிருந்து கடல் பக்கமாக, தலை வாரிவிட்டதுபோல ஒரே திசையில். ஒரு புள்ளிப் பாசி இல்லை. பறவை எச்சம்கூட இன்னும் விழவில்லை. உலகம் உண்டானதிலிருந்து அதன்மேல் நின்ற முதல் மனுஷன் ஏனோஸ்தான். வேறு யாராவது என்றால் ஆனந்தத்தில் பாடியிருப்பார்கள்.

கீழே படகிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அதுதான் மோசம். சிரித்திருந்தாலாவது திட்டலாம்.

"வா தம்பி, போகலாம்" என்றான் கெடியோன்.

"நான் வரல."

"என்னது?"

"உன் படகுல நான் வரல. நீங்க ரெண்டு பேரும் போங்க. சந்தோஷமா போங்க." சொல்லிவிட்டு ஏனோஸ் உச்சியில் உட்கார்ந்தான். படகுக்கு முதுகைக் காட்டி, பனியாற்றைப் பார்த்து, கடப்பாரையை மடியில் வைத்துக்கொண்டு, உதட்டைக் கீழே தொங்கவிட்டு. அந்த உதட்டில் ஒரு கடற்பறவை தாராளமாக உட்காரலாம்.

"இந்தாய்யா! குழந்தை மாதிரி பண்ணாத! இறங்கு!"

பிபியானே கெஞ்சினாள், திட்டினாள், மிச்சக் கேக்கைக் காட்டினாள். அரை மணி நேரம் அவன் திரும்பவே இல்லை.

முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்ததால்தான் அவன் முதலில் பார்த்தான். மதிலின் நடுவில் ஒரு பனிக் கோபுரம் தலையாட்டியது. சத்தமில்லாமல் மெதுவாக முன்னால் சாய்ந்தது. பறவைகள் ஒரே வெள்ளைத் துணியாக எழும்பின. அப்புறம்தான் சத்தம் வந்தது. வானத்தை யாரோ குறுக்கே கிழித்தமாதிரி.

ஏனோஸ் துள்ளி எழுந்து திரும்பினான். "போ! நடுவுக்குப் போடா! ஆழத்துக்குப் போ!"

கல்லுக்குப் பக்கத்தில் இருந்தால் அலை படகைத் தூக்கிக் கல்லில் அறைந்துவிடும். அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது அது. கெடியோன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இரண்டு எஞ்சினையும் முடுக்கி, ஆழத்தைப் பார்த்துப் பறந்தான்.

அப்போது ஏனோஸ் ஒரு காட்சி கண்டான். விலகிப்போகிற படகில் பிபியானே எழுந்து நின்றாள். தெர்மாஸை இரண்டு கையாலும் பிடித்தாள். முதல் புருஷனின் முதுகில் போட்டாள் ஒரு போடு. அப்புறம் இன்னொன்று. அவள் குரல் தண்ணீர்மேல் தெளிவாக வந்தது:

"திருப்புடா! திருப்புடா படகை! என் புருஷன் அங்க நிக்கறான்டா! உன்னை வெட்டிப் போட்டுருவேன்டா!"

டா! வீட்டுக்காரருக்கு டா! ஏனோஸ் எண்ணினான். ஏழு அடி. எட்டு. ஒன்பதாவது தோளில் விழுந்தது. கல்லைச் சுற்றிக் கடல் உறிஞ்சிக்கொண்டு கீழே இறங்கியது. அது எதற்கு அறிகுறி என்று தெரிந்தும் அவனுக்குப் பயம் வரவில்லை. இப்படி ஒரு சந்தோஷம் உடம்பில் இருக்கும்போது பயத்துக்கு எங்கே இடம்? கடப்பாரையை ஒரு வெடிப்பில் செருகி, கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் படகைவிட்டு எடுக்கவில்லை.

அலை வந்தது. முழங்கால், இடுப்பு, நெஞ்சு. உலகத்தில் உள்ள குளிரெல்லாம் சட்டைக்குள் புகுந்தது. தொப்பி போனது. ஒரு பூட்ஸ் போனது. பனித்துண்டு ஒன்று காதோரமாகப் பறந்தது. பிறகு தண்ணீர் இறங்கியது. இரண்டாவது அலை இடுப்போடு நின்றது, மூன்றாவது முழங்காலோடு. ஏனோஸ் கடப்பாரையைக் கட்டிப் பிடித்தபடி பல் கிடுகிடுக்க நின்றான். சிரித்துக்கொண்டிருந்தான்.

படகு திரும்பி வந்தது. கெடியோன் அவனை இடுப்பில் பிடித்துத் தூக்கி உள்ளே போட்டான். பிபியானே அவன் சட்டையை உரித்து, தன் கம்பளிச் சட்டையைப் போட்டுவிட்டு, அது முடிந்ததும் கன்னத்தில் ஒரு அறை விட்டாள்.

"கிறுக்கா! கிழட்டுக் கிறுக்கா! என்னை ரெண்டாவது தடவை தாலியறுக்கப் பாத்தியே!"

"அவனை எதுக்கு அடிச்ச?" என்றான் ஏனோஸ். பல் அடித்துக்கொண்டதில் பாதிதான் வெளியே வந்தது.

"வேற யாரை அடிக்கறது? நீ கைக்கு எட்டலையே."

"அவன் உன் வீட்டுக்காரராச்சே."

"அவரு ஒரு தடவை செத்தாச்சு. அவருக்கு அது பழக்கம். நீ புதுசு."

கெடியோன் தோளைத் தேய்த்துக்கொண்டே, "என் எலும்பு ரெண்டு போச்சு" என்று முனகினான். ஏனோஸுக்கு உடம்பெல்லாம் இதமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, கப்பல் வருமுன் எல்லாரும் ஊர்க்கூடத்தில் கூடினார்கள். அமாலியா படிவத்தை விரித்தாள்.

"கல்லா, பனியா?"

ஏனோஸ் எழுந்தான். ஒரு நாளில் அவனுக்குச் சளியும் பிடித்திருந்தது, நேர்மையும் பிடித்திருந்தது. "கல்லுதான். கெடியோன் சொன்னது சரி." கடைசிச் சொல் வெளியே வர ஒரு பல்லைப் பிடுங்கின வலி வலித்தது. "எழுதிக்கோ."

"எழுதாத" என்றாள் பிபியானே.

எல்லாரும் திரும்பினார்கள்.

"எழுதாத அமாலியா. எப்பலேர்ந்து நாம கல்லுக்கு மனுஷன் பேரு வைக்க ஆரம்பிச்சோம்? கப்பல்ல வந்த வெளியூர் மாலுமிங்கதான் கண்ட மலைக்கெல்லாம் ராஜா பேரு, மாமன் பேரு வெச்சுட்டுப் போனானுங்க. நம்ம பேரு மனுஷனுக்குப் போகும். எங்க வீட்டுக்காரர் பேரு இந்தா இவன்கிட்ட இருக்கு. உபயோகத்துல இருக்கு. கல்லுக்குக் குடுத்துட்டா இவன் என்ன பண்ணுவான், பேரு இல்லாம நிப்பானா?"

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஆமாம், அதுதானே. பிறந்தநாள் கேக்கின் சர்க்கரை தலைக்கேறி எல்லாருக்கும் புத்தி கெட்டுப்போயிருக்கிறது. சுற்றுவட்டாரத்து இடமெல்லாம் எப்படிப் பேர் வாங்கியது? சீல் குட்டி போடும் இடம். சட்டி மாதிரி குழி. கிழவி வழுக்கி விழுந்த சரிவு. இடம் எப்படி இருக்கிறதோ, அங்கே என்ன நடந்ததோ, அதுதான் பேர்.

"சரி" என்றாள் அமாலியா. "அப்ப அங்க என்னதான் நடந்துச்சு?"

கெடியோன் எழுந்தான். தோளில் இன்னும் கட்டு. "என்ன நடந்துச்சு? நம்ம தம்பி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு அரை மணி நேரம் உக்காந்திருந்தான். உதட்டைத் தொங்கப் போட்டுக்கிட்டு. அவ்வளவுதான் நடந்துச்சு."

சிரிப்பு கூரையைத் தூக்கியது. அமாலியா சிரித்துக்கொண்டே எழுதி, எழுதியதை உரக்கப் படித்தாள்: "மூஞ்சியைத் திருப்பி உட்கார்ந்த கல்."

ஏனோஸ் வாயைத் திறந்தான். மறுப்பதற்குத்தான் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. முப்பத்தெட்டு வருஷம் முன்னால் அடியில் கல் இருக்கிறது என்று கண்டு சொன்னவன் கெடியோன். இல்லவே இல்லை என்று சாதித்தவன் ஏனோஸ். கடையில், பள்ளிக்கூடத்தில், கப்பலில், ஹெலிகாப்டரில், தலைநகரத்து அலுவலகங்களில் தொங்கும் வரைபடத்தில் இனிமேல் உட்கார்ந்திருக்கப் போகிறவன் யார்? கண்டு சொன்னவனுக்கு ஒரு புள்ளிகூட இல்லை.

வாயை மூடிக்கொண்டான். மூடிய வாய் ஓரத்தில் மெல்ல விரிந்தது.

வெளியே வரும்போது கெடியோன் பக்கத்தில் வந்து நின்றான். "தம்பி, நாளைக்கு அந்தக் கல்லுக்கு வடக்கால ஹாலிபட் மீனுக்கு நீளத் தூண்டில் போடலாம்னு பாக்கறேன். ஆழம் நல்லா இருக்கு."

ஏனோஸ் நின்றான். அவனைக் கால் முதல் தலைவரை பார்த்தான்.

"யாரைக் கேட்டு?"

"யாரைக் கேக்கணும்?"

"என்னைக் கேக்கணும். அது என் கல்லு. வடக்கால போட்டா போடு. ஆனா நீ மேல ஏறி உக்காந்ததா கேள்விப்பட்டேன்னா, தெர்மாஸ் இன்னும் வீட்டுலதான் இருக்கு."